காபிச் சக்கையை மட்கு உரமாக்குவது: எவ்வளவு சேர்க்கலாம், செடிக்கு நேரடியாகப் போடலாமா?

காவிரிக்கரை (திருவரங்கம்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மாடியில் கறிவேப்பிலை, ரோஜா, நித்தியமல்லி, கத்தரி, தக்காளி, சில கீரைகள் என ஓரளவு செடிகள் இருக்கின்றன. காய்கறித் தோலையும் வாசலில் கூட்டும் சருகையும் அடியில் துளையிட்ட டிரம் ஒன்றில் போட்டு மட்கவைத்து, அதையே செடிகளுக்கு உரமாக இட்டு வருகிறோம். வீட்டு ஃபில்டரில் மிஞ்சும் சக்கையும் அந்த டிரம்மிலேயே போய்விடும். அளவு குறைவு என்பதால் அதைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

இப்போது எங்கள் தெருமுனையில் காபிக் கடை வைத்திருப்பவர், தம்மிடம் நாள்தோறும் சேரும் சக்கையைக் குப்பை வண்டியில் கொட்டுவதற்குப் பதிலாக எங்களுக்கே தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஈரத்தோடு நிறுத்தால் நாளொன்றுக்கு மூன்று கிலோ வரை வரும் என்கிறார். நல்ல பொருள் வீணாகப் போக வேண்டாம் என்று வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். மட்கவைக்கவே வேண்டாம், ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் தூரில் அப்படியே போட்டால் செழித்து வளரும் என்கிறார் ஒருவர். அதில் அமிலம் அதிகம், வேர் வெந்துவிடும் என்கிறார் இன்னொருவர். நம் ஊர்க் காபித்தூளில் சிக்கரி கலந்திருப்பதால் வெளிநாட்டவர் எழுதிவைத்துள்ள அளவுகள் நமக்குப் பொருந்தா என்று சொல்பவர்களும் உண்டு.

மூன்று கிலோவையும் நாள்தோறும் சேர்த்தால் டிரம் தாங்குமா, எதனுடன் என்ன விகிதத்தில் கலக்க வேண்டும், நன்கு மட்கிவிட்டது என்பதை எப்படி அறிவது என்பதைச் செய்து பார்த்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மண்வாசம் (கோயம்புத்தூர்):

வணக்கம் அம்மா. கடைக்காரர் தாமாகவே முன்வந்து தருகிறார் என்பது நல்ல வாய்ப்பு, விட்டுவிடாதீர்கள். ஆனால் அவர் தரும் அளவு முழுவதையும் உங்கள் டிரம் ஏற்காது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

காபிச் சக்கை மட்கு உரம் தயாரிக்க மிக நல்ல இடுபொருள். ஆனால் அது தன்னளவில் உரம் அன்று. உலர்ந்த சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ 2 சதவீதம் இருக்கிறது. ஈரச் சக்கையின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால், கடையிலிருந்து வரும் ஒரு கிலோவில் 8 கிராம் அளவுக்கே தழைச்சத்து இருக்கும். அதிலும் பெரும்பகுதி புரதமாகக் கட்டுண்டு கிடப்பதால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுத்த பிறகே வேரால் எடுத்துக்கொள்ள முடியும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகக் குறைவு. சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) கணிசமான பங்கு டிகாக்‌ஷனோடு முன்பே இறங்கிவிடுகிறது. ஆகவே தூரில் போட்டவுடன் செடி செழித்துவிடும் என்று எதிர்பார்க்க அடிப்படை இல்லை.

நேரடியாகப் போடுவதால் தீங்கும் நேரக்கூடும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மட்காத சக்கையை மண்ணில் கலந்து முள்ளங்கி, ப்ரோக்கோலி, சூரியகாந்தி உள்ளிட்ட ஐந்து வகைச் செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். எந்த வகை மண்ணாக இருந்தாலும், கூடுதலாக உரம் இட்டிருந்தாலும் இடாவிட்டாலும், சக்கை கலந்த மண்ணில் வளர்ச்சி குன்றியது. மண்ணின் அமிலத்தன்மையோ தழைச்சத்துப் பற்றாக்குறையோ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. சக்கையில் எஞ்சியிருக்கும், செடிக்கு நஞ்சாகும் பொருள்களே காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். மண்ணின் ஈரம் காக்கும் திறன் கூடியதையும் களைகள் குறைந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. களையை அடக்கும் பொருள் கீரை நாற்றையும் அடக்கும் என்பதை நாம் கவனிக்க வேண்டும். காபிச் செடி தன் விதையில் சேர்த்துவைக்கும் காஃபீனும் பாலிபீனால்களும் இத்தகையவை. மட்கும்போது நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைத்துவிடுகின்றன என்பதால்தான் மட்கவைத்து இடுமாறு வற்புறுத்துகிறேன்.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஃபில்டர் காபிக்கு அரைக்கும் தூள் மிகவும் நைசானது. அதைத் தொட்டி மண்ணின் மேல் கனமாகப் பரப்பினால், வெயில் பட்டதும் வறட்டியைப் போல ஒரே தகடாக இறுகிவிடும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் தகட்டின் மேல் முத்து முத்தாக ஓடி, தொட்டியின் ஓரத்து இடுக்கு வழியே அடித்துளைக்குப் போய்ச் சேரும். அடித்துளையில் தண்ணீர் வடிவதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். நடுவில் உள்ள வேர்ப்பகுதியோ காய்ந்து கிடக்கும்.

இனி விகிதத்துக்கு வருகிறேன். நிறம் கருமையாக இருப்பதால் பலர் இதைச் சருகோடு சேர்த்து உலர் கழிவு என்று கருதுகிறார்கள். ஆனால் இதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 20-க்கு 1. அதாவது காய்கறித் தோலைப் போல இதுவும் பச்சைக் கழிவே. மட்கும் குவியலுக்கு 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதம் ஏற்றது என்பதால், கரிமம் மிகுந்த சருகு, வைக்கோல், தேங்காய் நார்த்தூள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தாராளமாக வேண்டும். டிரம்மில் உள்ள மொத்தப் பொருளில் காபிச் சக்கை கன அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கணக்கில் கொள்ளாமல் ஒரே டப்பாவால் எல்லாவற்றையும் அளந்து போடுவது எளிது: சக்கை ஒரு பங்கு, காய்கறிக் கழிவு ஒரு பங்கு, நொறுக்கிய சருகு மூன்று பங்கு.

இந்த விகிதத்தில்தான் உங்கள் மூன்று கிலோ இடிக்கிறது. மூன்று கிலோ ஈரச் சக்கை ஏறத்தாழ ஐந்து லிட்டர் இடத்தை அடைக்கும். அதற்கு ஈடாக நாள்தோறும் பதினைந்து லிட்டர் சருகும் ஐந்து லிட்டர் காய்கறிக் கழிவும் வேண்டும். ஒரு வீட்டால் அது இயலாது. வாரத்தில் ஒரே ஒரு நாளின் சக்கையை மட்டும் வாங்கி, மாடியில் சாக்கின் மேல் மெல்லியதாகப் பரப்பி, சலசலவென்று உதிரும்வரை காயவைத்து மூட்டையில் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். திருச்சி வெயிலுக்கு இரண்டு நாளே மிகுதி. ஈரத்தோடு பையில் கட்டிவைத்தால் நான்கைந்து நாளில் பச்சைப் பூசணம் பூத்துவிடும். மட்குவதற்கு அந்தப் பூசணம் தடையன்று என்றாலும், அதன் தூசியை மூச்சில் இழுப்பது நல்லதன்று. காய்ந்த சக்கை மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது என்பதால், டிரம்மில் போடுவதற்கு முன்பு புளித்த மோர் கலந்த தண்ணீரிலோ சாணக் கரைசலிலோ ஊறவைத்து, பிழிந்து போட வேண்டும்.

ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்தால் சக்கை வட்ட வில்லையாக விழும் அல்லவா, அதை அப்படியே டிரம்மில் போடாமல் கையால் உதிர்த்துப் போடுங்கள். உதிர்க்காமல் போட்ட வில்லையை மாதங்கள் கழித்து உடைத்துப் பார்த்தாலும் உள்ளே காபி மணம் போகாமல் இருக்கும். காற்றுப் புகாததே அதற்குக் காரணம். கிளறிவிடுவதும் காற்றுக்காகத்தான், வாரத்துக்கு ஒருமுறை அடிவரை புரட்டினால் போதும். கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரம் சரியானது.

மல்லிகைப்பந்தல் (மதுரை):

மண்வாசம் ஐயா விளக்கமாகவே எழுதியிருக்கிறார். அமிலத்தைப் பற்றி நான் சிறிது சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் ரோஜாவும் மல்லிகையும் வளர்ப்பவர்களிடையே இந்த நம்பிக்கைதான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

நம் பகுதிகளில் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றித் தொட்டி மண் காரத்தன்மை அடைந்துவிடுகிறது. அப்போது இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைப்பதில்லை; நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் வெளுக்கின்றன. காபிச் சக்கை அமிலம், அதைப் போட்டால் காரம் தணிந்து பச்சை திரும்பும் என்று நர்சரிகளிலேகூடச் சொல்கிறார்கள். காபியின் அமிலப் பொருள்கள் பெரும்பாலும் நீரில் கரைந்து டிகாக்‌ஷனோடு இறங்கிவிடுவதால், எஞ்சும் சக்கை பெரும்பாலும் நடுநிலைக்கு அருகில், சற்றே அமிலப் பக்கமாக, அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். அளவில் 6 முதல் 7-க்குள் இருக்கிறது. மட்கும்போது அந்தச் சிறிய வேறுபாடும் நிலைப்பதில்லை. ஆகவே வேர் வெந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம், மண்ணின் காரம் தணியும் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம். மஞ்சள் இலைக்கு மழைநீரைப் பிடித்து ஊற்றுவதும், நன்கு மட்கிய உரத்தைத் தொடர்ந்து இடுவதும், தேவையானால் இரும்புச்சத்தை இலைவழியாகத் தெளிப்பதுமே பயன் தருகின்றன.

ஒரு செய்தியில் மட்டும் ஐயாவிடமிருந்து மாறுபடுகிறேன். நேரடியாகப் போடவே கூடாது என்ற அளவுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் தரையில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கைப்பிடி அளவு சக்கையைத் தூவி, அதன்மேல் சருகு மூடாக்குப் போட்டு வருகிறோம். பல ஆண்டுகளாக எந்தக் குறையும் தெரியவில்லை. மண்புழுக்கள் மூடாக்குக்கு அடியில் வந்து அதை இழுத்துக்கொண்டு போய்விடுகின்றன. தொட்டிக்கும் நாற்றுக்கும் ஐயா சொல்வதே சரி.

நத்தை வராது என்று சக்கையைத் தூவுபவர்களுக்கும் ஒரு சொல். ஹவாயில் 2002-இல் நடந்த ஆய்வில் நத்தைகளைக் கொன்றது 1 முதல் 2 சதவீதக் காஃபீன் கரைசல். டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு எஞ்சும் சக்கையில் அந்தச் செறிவு இருக்காது. மாலையில் டார்ச் எடுத்துச் சென்று கையால் பொறுக்குவதையே நான் நம்புகிறேன்.

காவிரிக்கரை (திருவரங்கம்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாக்கில் காயவைத்துச் சேமிக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் மாடியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

இன்னும் மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. சிக்கரியைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லையே, அதனால் வேறுபாடு ஏதும் உண்டா? கடையில் தேநீரும் போடுகிறார்கள். இரண்டு சக்கையும் ஒரே வாளியில்தான் விழுகின்றன, அப்படியே வாங்கலாமா? மண்புழு உரத் தொட்டி ஒன்று தொடங்கும் எண்ணமும் இருக்கிறது. அதில் இதைப் போடலாமா?

மிளகுக்கொடி (ஏற்காடு):

வணக்கம். காபித் தோட்டத்தோடு பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சிக்கரி என்பது வறுத்து அரைத்த வேர். அதில் காஃபீன் இல்லை. காபித்தூளைவிட அதில் நீரில் கரையும் பகுதி மிக அதிகம் என்பதால், டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு சக்கையில் சிக்கரியின் பங்கு, தூள் கலக்கும்போது இருந்த பங்கைவிடக் குறைந்துவிடும். காபி, சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஆக, எவ்வளவு சிக்கரி கலந்த தூளாக இருந்தாலும் சக்கையின் பெரும்பகுதி காபிதான். மேலே சொன்ன விகிதங்களை மாற்ற வேண்டியதில்லை. சிக்கரி கலந்த சக்கை சற்றுப் பிசுபிசுப்பாக இருந்து ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால், உதிர்த்துப் போடுவதில் மட்டும் கூடுதல் கவனம் வையுங்கள்.

தேநீர்ச் சக்கையைப் பிரித்துத் தரும்படி கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நம் ஊரில் காபிக்குப் பாலும் சர்க்கரையும் டம்ளரில்தான் சேர்கின்றன. ஃபில்டர் சக்கையில் அவை படுவதில்லை. தேயிலையையோ பல கடைகளில் பாலோடும் சர்க்கரையோடும் கொதிக்கவைக்கிறார்கள். அந்தச் சக்கை இரண்டே நாளில் புளித்து வாடை வீசும். எறும்பும் ஈயும் மொய்க்கும். பிரித்துத் தர இயலாதென்றால், வாங்கியவுடன் வாளித் தண்ணீரில் ஒருமுறை அலசி, துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். அதே வாளியில் காகிதக் குவளைகள் விழுந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அவற்றின் உட்புறத்தில் பூசியிருக்கும் பிளாஸ்டிக் படலம் மட்காமல் உரத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும்.

மண்புழுத் தொட்டியைப் பொறுத்தவரை, புழுக்கள் காபிச் சக்கையை விரும்பி உண்ணும் என்பது உண்மை. இங்கு பரவலாக வளர்க்கப்படும் யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் ஆப்பிரிக்க மண்புழுவும் உண்ணும். ஆனால் புதுச் சக்கையைக் கனமாகப் போட்டால் அது மட்கத் தொடங்கும்போதே சூடேறிவிடும். ஆழமில்லாத தொட்டியில் புழுக்கள் ஒதுங்க இடமின்றி இறந்துவிடும். டிரம்மில் மூன்று, நான்கு வாரம் பாதி மட்கிய கலவையை எடுத்துப் புழுத்தொட்டியில் இடுவதே பாதுகாப்பானது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடியில் புழுத்தொட்டி வைக்கவே வேண்டாம். கீழ்த்தளத்தில் நிழலான இடம் இருந்தால் தொடங்குங்கள்.

எங்கள் தோட்டங்களில் பழம் உரித்த தோலைச் சாணமும் நிழல்மர இலையும் சேர்த்துக் குவித்து மட்கவைப்போம். அந்தத் தோலில் சர்க்கரையும் சாம்பல்சத்தும் மிகுதி. சிலர் அந்த முறையையே வீட்டுக் காபிச் சக்கைக்கும் பொருத்திச் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்கிறார்கள். உங்களுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. காரத் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளுக்கு அது தீமையே செய்யும்.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் காயவைக்கும் சக்கையை அதற்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சிய காஃபீன்கூட நாய்க்கு ஆகாது.

மண்வாசம் (கோயம்புத்தூர்):

மல்லிகைப்பந்தல் அம்மையார் சொல்வதை ஏற்கிறேன். வேர் பரவி நிலைத்த மரத்துக்கு, தரையில், மூடாக்கின் அடியில், கைப்பிடி அளவு என்றால் தீங்கில்லை. நான் எச்சரித்தது தொட்டிச் செடிகளையும் நாற்றுகளையும் மனத்தில் வைத்துத்தான்.

மட்கிவிட்டதை அறிவது எப்படி என்ற முதல் கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை. பெரிய குவியல்கள் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை சூடேறி விரைவில் மட்கும். வீட்டு டிரம்மில் பொருளின் அளவு குறைவு என்பதால் அந்தச் சூடு நிலைக்காது. ஆகவே மூன்று முதல் நான்கு மாதம் பொறுக்க வேண்டும். கிளறிய மறுநாளும் சூடேறாமல், அளவு பாதிக்கும் கீழே இறங்கி, சருகின் நரம்புகூடத் தெரியாமல் உதிரியாகி, முதல் மழையில் எழும் மண் மணம் வந்தால் ஏறத்தாழ முடிந்துவிட்டது. காபிச் சக்கை தொடக்கத்திலேயே கருமையாகவும் பொடியாகவும் இருப்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. இரண்டு கொட்டாங்குச்சிகளில், ஒன்றில் வெறும் தோட்ட மண்ணும் மற்றொன்றில் சரிபாதி மண்ணும் உரமும் நிரப்பி, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் வெந்தயம் விதையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல முளைத்து, வேரும் நேராக வெண்மையாக இருந்தால் உரம் தயார். உரம் கலந்ததில் முளைப்புக் குறைந்தாலோ வேர் நுனி கருகினாலோ மீண்டும் டிரம்மில் போட்டு ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

தயாரான உரத்தைச் சலித்து, நாற்றுக் கலவையில் நான்கில் ஒரு பங்காகவும், வளர்ந்த செடிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடியாகவும் இடலாம். கத்தரியும் தக்காளியும் பூக்கத் தொடங்கியபின் இதை மட்டும் நம்பாமல் விறகுச் சாம்பலோ வாழைப்பழத் தோலை மட்கவைத்த உரமோ சிறிது சேருங்கள். சாம்பல்சத்துக் குறை அப்போதுதான் வெளிப்படும். போர் தண்ணீர் ஊற்றுபவராக இருந்தால் சாம்பலை விட்டுவிட்டு வாழைத்தோலையே வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் டிரம்மை நிரப்பத் தொடங்கினால் ஆடிப்பட்டத்துக்கு உரம் கைக்கு வந்துவிடும். கடைக்காரரிடம் இப்போதே தேநீருக்குத் தனி வாளி வைக்கச் சொல்லிவிடுங்கள்.